கடைசி வாரத்து ரயில்

“அம்மா, கிடைச்சிடுச்சு!” காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவன் மாதிரி ஓடிவந்து லேப்டாப்பை டிவியோடு இணைத்தான் மகன். “தினமும் ஒரு பையன் ஸ்டேஷன்ல போய் நிப்பானே, அந்த சீரியல்! பேரு ஞாபகம் வராம எத்தனை வருஷம் மண்டையை உடைச்சுக்கிட்டேன்! யாருக்காக நிப்பான்னுகூட மறந்துபோச்சு.”

“பழைய குப்பையைப் போய்க் கிளறிக்கிட்டு... சாப்பிட வாடா” என்றாள் அம்மா.

“அப்போ சீரியலோட கடைசி வாரம், ரயில் வந்து நிக்குது, கரண்ட் போயிடுச்சு. இன்னைக்கு விடமாட்டேன்.”

அம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தாள், எழுந்தாள், துடைத்த மேஜையையே மறுபடி துடைத்தாள்.

திரையில் ரயில் வந்து நின்றது. பையன் ஓடினான். பட்டென்று டிவி அணைந்தது.

“சே, இன்னைக்குமா!” என்று நிமிர்ந்தான் மகன். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. சுவரோரம் அம்மா, கையில் டிவி பிளக்கோடு நின்றாள்.

“கை தன்னால போயிடுச்சுடா. அன்னைக்கும் கரண்ட் போகல. நான்தான் மெயினை அணைச்சேன்.”

“ஏம்மா, அவ்வளவு சோகமான முடிவா?”

“இல்லடா. ரயில் நின்னதுமே எனக்குப் புரிஞ்சுபோச்சு, அவன் அப்பா திரும்பி வந்துட்டார்னு. உங்கப்பா நம்மள விட்டுட்டுப் போன புதுசு அது. அதைப் பார்த்திருந்தா நீயும் தினமும் வாசல்ல போய் நின்னிருப்பே.”

அவள் கையிலிருந்த பிளக்கை மெல்ல வாங்கிக்கொண்டான் மகன்.

“நின்னேம்மா. நீ வேலைக்குப் போனதும், தினமும் நின்னேன்.”