இருபது கிலோமீட்டர் பாட்டு

கிளியம்மாள் பின் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தியதுதான் தாமதம், டிரைவர் திருமலை ஸ்டீரியோவில் பென் டிரைவைச் செருகிவிட்டான். குத்துப் பாட்டு. கார் கண்ணாடியே அதிர்ந்தது.

முன் சீட்டில் இருந்த எச்.ஆர். வசந்தகுமாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கிளியம்மாளின் புருஷன் தசரதன் காலை எட்டரை மணிக்கு, வல்லம் வடகால் கம்பெனியில், பிரஸ் மெஷினில் சிக்கிச் செத்துப்போயிருந்தான். அவளிடம் யாரும் சொல்லவில்லை. "கையில அடி, ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கோம்" என்றுதான் பிள்ளைப்பாக்கத்திலிருந்து அவளை அழைத்துக்கொண்டு போகிறார்கள்.

"வழியில வாயைத் திறந்துடாத. ஊருக்குத் தெரிஞ்சா மொத்தப் பேரும் கேட் முன்னாடி வந்து உக்காந்துடுவாங்க. டாக்டர் சொல்லிக்கட்டும்" என்று மேனேஜர் சொல்லி அனுப்பியிருந்தார். வசந்தகுமாரும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டு வந்திருந்தான்.

தெருவில் சாவு விழுந்தால் டிவியை அணைத்து வைக்கும் வீட்டில் வளர்ந்தவன் அவன். சுமந்து வரும் பொய் உறுத்தவில்லை, பாட்டுதான் உறுத்தியது. அதுவும் தசரதனை ஆம்புலன்ஸில் ஏற்றக் கை கொடுத்தவனே இந்தத் திருமலைதான்.

"மனுஷனாடா நீ? நிறுத்து அதை" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தான்.

திருமலை சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினான்.

ஸ்ரீபெரும்புதூர் சிக்னலில் வசந்தகுமார் பொறுமை இழந்து, எட்டிப் பென் டிரைவைப் பிடுங்கிவிட்டான். காருக்குள் ஏசி ஓடும் சத்தம் மட்டும் மிச்சம்.

"சார்" என்றாள் கிளியம்மாள். "எந்தக் கை சார்?"

"வலது கைம்மா."

"பேசறாரா?"

"மயக்க ஊசி போட்டிருக்காங்க. தூங்கறார்."

"காலையில டிபன் பாக்ஸை வூட்லயே வெச்சிட்டுப் பூட்டாரு. இன்னா சாப்ட்டாருன்னு தெர்ல."

வசந்தகுமார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அப்படியும் கண்ணாடியில் அவள் தன்னையே பார்ப்பது தெரிந்தது.

"பாட்டு ஏன் சார் நின்னுபோச்சு? போடச் சொல்லுங்க" என்றாள்.

அவனே அவசரமாகப் பென் டிரைவைச் செருகினான். தலைகீழ். திருப்பிச் செருகினான். ஸ்டீரியோ 'ரீடிங்' என்று காட்டிக்கொண்டே கிடந்தது. அவள் இன்னொரு கேள்வி கேட்டுவிடுவாளோ என்று பயந்தான். ஒருவழியாக முதல் பாட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. அப்பாடா என்று இருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

அந்தச் சத்தத்தில் திருமலை அவன் காதுப் பக்கம் சாய்ந்தான்.

"எஃப்.எம். போட்டா நியூஸ்ல சொன்னாலும் சொல்லிடுவான் சார். புளூடூத் போட்டா, கம்பெனியிலேர்ந்து போன் வந்தா ஸ்பீக்கர்ல கேக்கும். பென் டிரைவ்னா பாட்டு மட்டும்தான். ஆஸ்பத்திரி வரைக்குமாவது அந்தக்கா பொட்டோட வரட்டும்னுதான்."

தண்டலம் தாண்டும்போது சத்தத்தை வசந்தகுமாரே கூட்டி வைத்தான்.

ஆஸ்பத்திரி வாசலில் கார் நின்றது. இருவரும் இறங்கிப் பின் கதவைத் திறந்தார்கள். கிளியம்மாள் இறங்கவில்லை.

"பாட்டை நிறுத்திடு தம்பி. போதும்" என்றாள். "அவர எங்க கெடத்தி வெச்சிருக்கீங்க?"

திருமலை தலையைக் குனிந்துகொண்டான்.

"தப்பா நெனச்சிட்டமோன்னு ஒரு நப்பாசையில கேட்டுப் பார்த்தேன் சார்" என்றாள் கிளியம்மாள். "நீங்க பதில் சொல்ல முடியாமத் தவிச்சீங்க. பாவமா இருந்துது, அதான் பாட்டு போடச் சொன்னேன்."

"உங்களுக்கு... யார் சொன்னது?" என்று கேட்டான் வசந்தகுமார்.

"யாரும் சொல்லல. போன வருஷம் அவருக்கு ரெண்டு விரல் துண்டாச்சே, அப்ப ஷேர் ஆட்டோ புடிச்சி வந்துடுங்கம்மான்னு போன்ல சொன்னது நீங்கதான் சார். இன்னிக்கி என் வூட்டு வாசலுக்கே ஏசி காரு வந்து நிக்குது."