மங்கம்மாவின் பெயர்

“யாருமே பேரைச் சொல்லலைன்னா செத்தவங்க அழுவாங்களாப்பா?” என்று மகள் ஒருநாள் கேட்டது அழகர்சாமியின் மனதை விட்டுப் போகவில்லை.

ஓசூரில் அன்று, புற்றுநோயில் இறந்தவர்களுக்கான நினைவு ஓட்டம். ஓடி முடிப்பவரின் முதுகில் குத்தியிருக்கும் சீட்டிலுள்ள பெயரை மைக்கில் வாசிப்பார்கள். அழகர்சாமியின் முதுகில் ‘மங்கம்மா’. நைட் ஷிப்ட் முடிந்து, கம்பெனியின் கனத்த சேஃப்டி ஷூவோடு வந்தவருக்குப் பாதி வழியிலேயே கால் மரத்துவிட்டது.

“வண்டியில ஏறிக்கங்கண்ணா. வூட்டுக்காரம்மாவுக்காக ஓடி, நீங்களும் போய்ச் சேரப் போறீங்களா?” என்றான், தண்ணீர் கொடுத்த மாதேஷ்.

“ஏறினா பேரைப் படிக்க மாட்டாங்க தம்பி. என்னை விட்டா அவங்களுக்கு ஆளில்லை.”

நொண்டிக்கொண்டே அவர் வந்து சேர்ந்தபோது மைதானம் காலி. மைக்கையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார்.

செல்போன் அடித்தது. மனைவி நாகம்மாள்.

“படிச்சாங்களாங்க?”

“இல்ல நாகு. லேட்டாயிடுச்சு.”

“ஆஸ்பத்திரியில இருந்தது ஒரே கட்டிலு. ‘உனக்குக் கொழந்தை இருக்குது, நீ மொதல்ல படு’ன்னு எனக்கு விட்டுக்குடுத்துட்டுப் போய்ச் சேர்ந்த மகராசிங்க அவங்க. நீங்களே சொல்லிட்டு வாங்க.”

அழகர்சாமி எழுந்தார். ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, சுண்ணாம்பால் போட்டிருந்த முடிவுக் கோட்டைத் தாண்டி, வெறும் மைதானத்தைப் பார்த்துக் கைகூப்பி, உரக்கச் சொன்னார்:

“மங்கம்மா.”