வேலிக்கு அந்தப்பக்கம் ஒரு கண்டு

வோபர்னில் ஒரு நேர்சரியில் அன்ரனெற் செடி தெரிவுசெய்துகொண்டிருந்தாள். தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் தேடி வரும், இந்த நாட்டுப் புல்வெளிச் செடிகள்தான் வேண்டும் என்று நின்றாள்.

“இஞ்சருங்கோ, இந்தமுறை இடுப்புக்கு மேல வளராததா எடுப்பம். இல்லாட்டிப் போன வருசம் மாதிரி, பத்தை வளக்கிறம் எண்டு பக்கத்து வீட்டு லலிதா சிற்றிக்குப் போன் அடிச்சுச் சொல்லிப்போடுவா.”

“பேசாமப் புல்லையே விடுவமப்பா. பாக்க வடிவா இருக்கும்,” என்றார் கணவர் மாக்கஸ்.

“நேற்று வேலிக்கு மேலால என்னட்டையே ஒரு செடிக்கண்டு கேக்கிறா. என்ன நடிப்பு! நான் மறுமொழி சொல்லாமல் உள்ள போயிட்டன்.”

செடிகளை நட்டு இரண்டு கிழமைகூட ஆகவில்லை. சிற்றி நகரசபை அலுவலர் ஒருவர் வந்து, உயரத்தை அளந்து, படம் எடுத்துக்கொண்டு போனார்.

“பாத்தீங்களே, திரும்பவும் சொல்லிப்போட்டா!” என்று அன்ரனெற் பொருமினாள்.

மறுநாள் மாக்கஸ் குளித்துக்கொண்டிருந்தபோது அவருடைய போன் அடித்தது. அன்ரனெற் எடுத்தாள். ஒரு பெண் ஆங்கிலத்தில் பேசினாள்: “சிற்றியிலிருந்து பேசுகிறேன். மாக்கஸ் போன வருடம் முறைப்பாடு செய்த அதே வீட்டை மறுபடியும் பார்த்தோம். இந்தமுறை செடிகளில் ஒரு பிழையும் இல்லை என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்.”

மாக்கஸ் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தார். “ஆரப்பா போனில?”

“சிற்றி. செடியளில ஒரு பிழையும் இல்லையாம்.”

துவாய் தலையிலேயே நின்றது.

“மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாங்கோ. லலிதாவுக்கு நாலு கண்டு குடுக்கப்போறன். கிடங்கு வெட்டுறது நீங்கள்.”