உடம்புக்குத் தெரியும்

"மடத்துல எத்தனை வருஷம் இருந்தீங்கம்மா?" என்று சென்னையிலிருந்து வந்திருந்த கவியா கேட்டாள்.

சுக்கு வெந்நீரை நீட்டிக்கொண்டிருந்த லூர்துசெல்வியின் கை ஒரு நொடி நின்றது. "பதினோரு வருசமுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் நகர்ந்தாள்.

கரடியூர்ப் பக்கம் காப்பித் தோட்டத்துக்கு நடுவே இருந்த அந்த ஆயுர்வேத நிலையத்தில், காசு கட்டி வந்தவர்களுக்கு விடியலில் எழுந்திருப்பதுதான் பெரும்பாடு. நாக்கை வழிக்கச் சொன்னால் குமட்டுவார்கள். ராத்திரி போர்வைக்குள் செல்போன் வெளிச்சம் தெரியும்.

வைத்தியர் பாலகுமாருக்கு அவர்களைத் திட்டவும் முடியாது. அதனால் சமையலுக்கு வந்த லூர்துசெல்வியைக் கைகாட்டுவார்.

"இவங்களப் பாருங்க. அலாரம் இல்லாம கோழி கூவுறதுக்கு முன்னாடி எந்திரிச்சுடறாங்க. உச்சிப் பொழுதுல, பித்தம் நல்லா எரியிற நேரத்துல சாப்பாடு. பொழுது சாயறதுக்குள்ள ராத்திரி சாப்பாடும் முடிஞ்சுது. இருட்டினா படுக்கை. நான் படிச்சு எழுதி பாஸ் பண்ணினத இவங்க சும்மா செய்யறாங்க."

லூர்துசெல்வி தலை குனிந்து நிற்பாள். வேலை கேட்டு வந்த அன்று அவளுடைய வெளுத்த சேலையையும் அடக்கத்தையும் பார்த்துவிட்டு, "மடத்துல சமையலா இருந்தீங்களா?" என்று மேனேஜர் ஆசிர் தானாகவே கேட்டான். கன்னியர் மடங்கள் நிறைந்த ஏற்காட்டில் அது யாருக்கும் தோன்றக்கூடியதுதான். அவள் தலையாட்டிவிட்டாள்.

அவளிடம் ஒரே ஒரு விசித்திரம். எந்தக் கதவு மூடியிருந்தாலும் அதன் முன் கைகட்டி நின்றுவிடுவாள். "தள்ளுங்க, பூட்டல" என்று ஆசிர் தினமும் சொல்ல வேண்டியிருந்தது. மடத்துப் பணிவு என்று எல்லாரும் மெச்சினார்கள்.

அன்று சனிக்கிழமை. வேலையை நிரந்தரமாக்கி, பின்கட்டில் ஒரு அறையும் கொடுத்திருந்தார்கள். அந்த அறைக்காகத்தான் அவள் இத்தனை நாளும் வாய் திறக்காமல் உழைத்தாள்.

மதியம் பஸ்ஸில் அண்ணன் ஆரோக்கியதாஸ் அவளுடைய மகள் ரூபியைக் கொண்டுவந்து விட்டார். மூன்று வயதில் பிரிந்த பிள்ளை, இப்போது தோளுக்கு மேல் வளர்ந்திருந்தது. அம்மா மடத்தில் சமைக்கிறாள் என்று சொல்லியே அவர் வளர்த்திருந்தார்.

"ஊடு குடுத்துட்டாங்க, சரி" என்றார் அவர், தங்கையைத் தனியே அழைத்து. "வேலை போச்சுன்னா புள்ள மறுபடி என்கூடத்தான். பாத்து நடந்துக்க."

"போகாதுங்கண்ணா. நொம்ப நல்லவங்க இவங்கல்லாம்."

அண்ணன் போனதும் ரூபி அறையைச் சுற்றிப் பார்த்தாள். ரெண்டு பாய், ஒரு ஜன்னல், சுவரில் மாதா படம். அவளுக்குக் கோபம் இன்னும் தீரவில்லை.

"கிறிஸ்துமஸுக்குக்கூட உங்களுக்கு லீவு குடுக்கலியா?"

"குடுக்கல கண்ணு."

"கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டேன் சாமி. எழுதிக்கூடக் கேட்டேன்."

ரூபி தன் பையிலிருந்த துணிகளை அம்மாவின் துணிகளோடு சேர்த்து அடுக்கினாள். லூர்துசெல்வி சமையலறைக்கு ஓடிப்போய் அழுதாள். சந்தோஷத்தில் அழுது அவளுக்குப் பழக்கமில்லை, அடக்கவும் தெரியவில்லை.

சாயங்காலம் முற்றத்தில் வகுப்பு நடந்தது. ரூபியும் ஓரமாக உட்கார்ந்து கேட்டாள்.

"ஆரம்பத்துலதான் கஷ்டம்" என்றார் வைத்தியர். "பழக்கம் ஊறிடுச்சுன்னா உடம்பு மனசக் கேக்காது. அந்த நேரம் வந்தா தன்னால செய்யும். வேணும்னா லூர்தம்மாவக் கேளுங்க."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கஞ்சிப் பானையோடு வந்துகொண்டிருந்த அம்மாவைப் பார்த்து ரூபி முதல் முறையாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு போதும் என்றிருந்தது லூர்துசெல்விக்கு.

அதற்குள் மூடுபனி இறங்கிவிட்டது. பத்தடி தள்ளி நிற்பவர் முகம் தெரியவில்லை. வியூ பாயிண்ட் பார்க்கப் போன ரெண்டு பேர் திரும்பினார்களா என்று ஆசிருக்குச் சந்தேகம் வந்தது.

"எல்லாரும் வரிசையா வாங்க, தலை எண்ணிடறேன்!" என்று கத்திவிட்டு, கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து நீளமாக ஊதினான்.

லூர்துசெல்வி பானையைத் தரையில் வைத்தாள். விருந்தாளிகள் சிரித்துப் பேசிக்கொண்டே வந்து நின்றார்கள். அவள் ஓடினாள். வரிசையின் கடைசியில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள்.

"அம்மா, எந்திரிங்க. எல்லாரும் நிக்கிறாங்க பாருங்க" என்று ரூபி பக்கத்தில் வந்து அவள் தோளைத் தொட்டாள்.

லூர்துசெல்விக்குக் காதில் விழவில்லை. ஆசிர் விரலை நீட்டி எண்ணிக்கொண்டே வந்தான். கடைசியில் அவன் விரல் அவள் தலைக்கு நேரே வந்து நின்றது.

நிமிர்ந்து பார்க்காமல், முற்றம் முழுக்கக் கேட்கும்படி லூர்துசெல்வி குரல் கொடுத்தாள்.

"கைதி நம்பர் முந்நூத்திப் பதினாலு, ஆஜருங்கம்மா!"