குட்டி லென்ஸை யார் தொட்டது?

ஏரிப் பக்கமிருந்து சன்னல் கண்ணாடிகள் அதிரக் கப்பல் ஊதியது. ஊதல் கேட்டதும் நீள லென்ஸைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற பெரியவர் ஆர்வில் இன்று கணினியை விட்டு எழவில்லை.

"மார்லிஸ்! என் கேமராவைத் தொட்டது யாரு?"

சமையலறையிலிருந்து வந்த மனைவி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு அதுல எதை அமுக்கணும்னே தெரியாதே. காபி ஆறுது, வா."

டுலூத் நகரப் புகைப்படக் கழகத்தின் அடுத்த கூட்டத்துக்கு, அவரவர் அதிகம் பயன்படுத்தும் லென்ஸைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். ஆர்வில் நாற்பது வருடமாகத் துறைமுகத்துக் கப்பல்களைப் படமெடுப்பவர். சந்தேகமே இல்லை, தூரத்தை எட்டிப் பிடிக்கும் நீள லென்ஸ்தான். இருந்தாலும் பார்த்துவிடுவோமே என்று, மென்பொருளில் படங்களை லென்ஸ் வாரியாகப் பிரித்திருந்தார்.

இந்த வருடம் நீள லென்ஸில் முப்பத்தொரு படங்கள். அலமாரியில் தூங்குவதாக அவர் நினைத்திருந்த குட்டி லென்ஸில் ஆயிரத்து நானூறு!

அத்தனையும் மகள் இங்க்ரிட் வீட்டில் எடுத்தவை.

"ஒரே ஒரு தடவை சிவப்பு விளக்கைக் கவனிக்கலைன்னு என் கார் சாவியைப் பிடுங்கினவ! இனி அவ முகத்துல முழிக்க மாட்டேன்னு சொன்னேனா இல்லையா? நீ என்னடான்னா அவ பக்கத்துல உக்காந்து கேக் தின்னுட்டு இருக்கே!"

மார்லிஸ் திரையைப் பார்த்தாள். அதில் அவள் வாய் நிறையக் கேக்கோடு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"மாப்பிள்ளை எடுத்தானா? என் கேமராவை அவன் கையில குடுத்தியா?"

"கத்தாதே ஆர்வில். ரத்தக் கொதிப்பு ஏறும்."

அடுத்த படத்தில் இங்க்ரிட்டின் மடியில் பூப்போட்ட கவுனில் ஒரு கைக்குழந்தை. ஆர்விலின் விரல் சுட்டியிலேயே நின்றுவிட்டது.

"எனக்கு ஒரு பேத்தி பொறந்திருக்கா... அதைக்கூட மறைச்சிட்டியா?"

ஆர்வில் அவள் பக்கம் திரும்பினார்.

"நாப்பத்தாறு வருஷம் உன்கூட குடும்பம் நடத்தினேன். இனிமே உன்னை எப்படி நம்பறது? உண்மையைச் சொல்லு. இல்லேன்னா இன்னிக்கே பெட்டியைக் கட்டிட்டு அவ வீட்டுக்கே போயிடு!"

கடைசிப் படத்தைத் திறந்தார். குழந்தை பொக்கை வாயோடு லென்ஸைப் பிடிக்கக் கை நீட்டிக்கொண்டிருந்தது. கீழே நேற்றைய தேதி.

"நேத்தா? நான் சோபாவுல தூங்கற நேரம் பார்த்துக் கிளம்பிட்டியா? சொல்லு, இதை எடுத்தது யாரு?"

மார்லிஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு அருகில் உட்கார்ந்து, அவர் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள்.

"நீதான் எடுத்தே, ஆர்வில். நேத்துகூட நாம போயிருந்தோமே."