சைராகன் வைத்த பரீட்சை

"கேமராவை உடைச்சு அடுப்புல போட்டுடுவேன்! பத்திரிகைக்காரப் பிசாசே, போடி வெளியே!"

பிஷ்கேக் சந்தையே திரும்பிப் பார்த்தது. உலர்பழக் கடை சைராகனின் தொண்டை அப்படி. அந்தத் தொண்டைக்காகவே ஜாங்கில் டீச்சர் தம் இதழியல் மாணவர்களை ஆண்டுதோறும் அவளிடம் அனுப்புவார். நாளைக்கு ஊரெல்லாம் திட்டு வாங்கப்போகிற பிள்ளைகள், இன்றைக்கே கொஞ்சம் பழகட்டுமே! அழாமல் ஒரு பதிலாவது வாங்கி வந்தால்தான் ஓஷ் நகரப் பத்திரிகை வேலைக்குச் சிபாரிசு. இதுவரை ஒருவரும் தேறவில்லை. போன வருடம் ஒருவன் செருப்பைக்கூட விட்டுவிட்டு ஓடினான்.

பைசா வாங்காமல் சைராகன் ஏன் கத்துகிறாள் என்று சந்தைக்கே குறுகுறுப்பு. கேட்டால், "எல்லாம் நாட்டுக்காக" என்பாள். நம்பிவிட்டோமாக்கும்!

இன்று வந்த ஜிபார் ஒல்லிக்குச்சி. அந்த வேலையை நம்பித்தான் படிக்கவே வந்தவள்.

"அக்கா, பாதாமிப் பழம் விலை ஏன் ஏறிச்சு?"

"உன் மூஞ்சியப் பார்த்துத்தான்! யார்கிட்ட காசு வாங்கிட்டு எழுத வந்தே?"

"யார்கிட்டயும் இல்ல. விலை ஏன் ஏறிச்சு?"

சைராகன் துடைப்பத்தைத் தூக்கினாள். ஜிபார் அசையவில்லை. தேநீர்க் கெண்டிக்குப் பக்கத்தில் இருந்த ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"உங்க ரொட்டியைத் தின்னாச்சு. இனிமே நான் விருந்தாளி. விருந்தாளியைத் துரத்துவீங்களா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. துடைப்பம் இறங்கியது.

"பாதாமி விளையற பாத்கென்ல பூ பூக்கிற நேரத்துல பனி கொட்டிடுச்சு. அதான் விலை" என்று முணுமுணுத்தாள் சைராகன்.

"தேறிட்டே!" கூட்டத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த டீச்சர் கைதட்டினார்.

"இருங்க டீச்சர், என் பரீட்சை இன்னும் முடியல." சைராகன் மடியிலிருந்து ஒரு ஜோடி வெள்ளித் தோட்டை எடுத்தாள். அந்த ஊரில் பெண்ணின் காதில் அதை மாட்டிவிட்டால் கல்யாண நிச்சயம் முடிந்த மாதிரி. "என் கத்தலைத் தாங்கற மருமகளைத்தான் இத்தனை வருஷமா இங்க நின்னு தேடறேன். என் மகன் எர்மெக் வாயில்லாப் பூச்சி. உனக்குச் சம்மதமா பொண்ணே?"

ஜிபார் சிரித்துக்கொண்டே காதைக் காட்டினாள்.

"மாட்டிவிடுங்க அத்தை. ஆனா அவரா வாயில்லாப் பூச்சி? தினம் சாயங்காலம் பூங்காவுல நிக்கவச்சு, அப்படியே உங்களை மாதிரி கத்திக் கத்தி எனக்குப் பயம் தெளியவச்சதே அவர்தானே!"

இலையுதிர்காலத்தில் கல்யாணம். மறுவாரமே இருவரும் ஓஷுக்குக் குடிபோய்விட்டார்கள். அங்கே வானொலியில் கால்பந்து வர்ணனை செய்கிறானாம் அந்த வாயில்லாப் பூச்சி.