மாவுக் கம்பெனி அண்ணன்

"அண்ணே, இன்னிக்கும் ரொட்டி கல்லாட்டம் வந்திருக்கு! நான் என்னதான் பண்றது?"

போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, ஓவனிலிருந்து எடுத்த ரொட்டியை அவள் மேசைமேல் வைத்தாள். டொக்கென்று சத்தம் கேட்டது.

"பதறாதீங்கம்மா. ஈஸ்ட்டைக் கரைக்க எந்தத் தண்ணி ஊத்துனீங்க?"

"கொதிக்கக் கொதிக்க ஊத்துனேன்."

"லைன்லயே இருங்க. மாஸ்டரைக் கேட்டுட்டு வந்துடறேன்."

மறுமுனையில் தடதடவென்று ஏதோ மெஷின் ஓடியது. 'எவ்வளவு பெரிய கம்பெனி! நமக்காக வேலையை விட்டுட்டு ஓடறாரே' என்று அவளுக்குக் கூச்சமாக இருந்தது. ஐந்து நிமிடம் கழித்துக் குரல் மூச்சு வாங்கியபடி திரும்பி வந்தது.

"கொதிக்கிற தண்ணியில ஈஸ்ட் செத்துடுமாம்மா. கை பொறுக்கிற சூடு போதுமாம்."

"குழந்தையைக் குளிப்பாட்டுற சூடா?"

"அதேதான்! அழகா சொல்லிட்டீங்க."

அச்சகத்தில் வேலை பார்க்கும் அவள் புருஷனுக்கு இப்போது வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. வீட்டில் பிள்ளைகள் மூன்று. காலையிலும் ராத்திரியிலும் ரொட்டிதான். கடை ரொட்டி கட்டுப்படியாகாமல் போகவே, வீட்டிலேயே சுடுவதென்று துணிந்து, கையிலிருந்ததைப் போட்டு ஒரு மூட்டை மாவு வாங்கிவிட்டாள். வாடகை வீட்டோடு வந்த பழைய ஓவன் இருந்தது. பழக்கம்தான் இல்லை.

முதல் ரொட்டியைப் பார்த்த மூத்தவள், "அம்மா, இதை வச்சு ஆணி அடிக்கலாம்" என்றாள். புருஷன் அதை டீயில் ஊறப்போட்டு ஊறப்போட்டுத் தின்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

அன்றுதான் மூட்டையின் அடியில், பாதி அழிந்தும் அழியாமலும் இருந்த நம்பரைப் போட்டாள். 'சந்தேகமா? கூப்பிடுங்கள்' என்று அச்சடித்திருந்தது. எடுத்தவரைப் பேசவே விடாமல் மாவு, புருஷன், பிள்ளைகள் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்து, கடைசியில் அழுதே விட்டாள்.

"அழாதீங்கம்மா," என்றது குரல். "ஒரு மூட்டை மாவு வீணாப் போக விட்டுடுவோமா? பார்த்துக்கலாம்."

அதிலிருந்து நித்தம் ஒரு போன். மாவு உப்பவில்லை என்றால், ஈரத்துணி போட்டு அடுப்பு ஓரமாக வைக்கச் சொன்னார். மேலே கருகி உள்ளே வேகாதபோது, சூட்டைக் குறைத்து அடித்தட்டில் வைக்கச் சொன்னார். வெந்துவிட்டதா என்று எப்படித் தெரியும் என்றால், "ரொட்டியைத் திருப்பி முதுகுல தட்டிப் பாருங்க, வெறும் டப்பா மாதிரி சத்தம் வரணுமாம்" என்றார். எந்த நாளில் 'அம்மா' போய் 'தங்கச்சி' வந்தது என்று இருவருக்குமே நினைவில்லை.

மூன்றாவது வாரம் ஒரு காலையில் ரொட்டி புசுபுசுவென்று எழும்பி, பொன்னிறமாக வந்தது. கடைக்குட்டி சூடு ஆறும்வரைகூடப் பொறுக்கவில்லை. புருஷன் டீயைத் தொடாமலே இரண்டாவது துண்டை எடுத்தார்.

"நல்லாருக்கு," என்றார். "நிஜமாவே நல்லாருக்கு."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "எல்லாப் புண்ணியமும் அந்த அண்ணனுக்குத்தாங்க."

"அப்ப நேர்லயே போய்ச் சொல்லிட்டு வா. இதெல்லாம் போன்ல சொல்லி முடிக்கிற நன்றியில்ல."

முழு ரொட்டி ஒன்றைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறி, மாவுக் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தாள். வரவேற்பில் இருந்த பெண் அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு விழித்தாள்.

"இங்க அப்படி யாரும் இல்லையேக்கா. போன் எடுக்கிறது நான் ஒருத்திதான்."

"என்னம்மா இப்படிச் சொல்றே? நேத்துகூடப் பேசினேனே! இரு, உன் எதிர்லயே பண்றேன்."

நம்பரைப் போட்டாள். மேசைமேல் இருந்த போன் சத்தமே காட்டவில்லை. ஆனால் அவள் காதில் அதே குரல் கேட்டது.

"சொல்லு தங்கச்சி, இன்னிக்கு எப்படி வந்துது?"

"பிரமாதமா வந்துதுண்ணே! உங்களுக்கு ஒண்ணு கொண்டாந்திருக்கேன். உங்க ஆபீஸ் வாசல்லதான் நிக்கிறேன். கொஞ்சம் வெளிய வாங்களேன்."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த மெஷினை நிறுத்தும் சத்தம் கேட்டது.

"கோவிச்சுக்காதே தங்கச்சி," என்றது குரல், மெதுவாக. "முதல் நாள் நீ அப்படி அழுதப்போ, ராங் நம்பர்னு சொல்ல எனக்கு வாய் வரல. நான் பஞ்சர் ஒட்டுறவன்மா. நீ கேட்டதையெல்லாம் எதிர்த்த ரொட்டிக் கடைக்கு ஓடி ஓடிக் கேட்டு வந்துதான் சொன்னேன்."